ஒரு செகண்டு படம்

கிர்க்கி, புனே
12.6.2005

அன்புத் தம்பி லூர்துசாமிக்கு,

பம்பாய்க்கு மும்பை என்று பேர் மாற்றினார்களே, அந்த வருஷம். தீபாவளியும் சூரிய கிரகணமும் ஒட்டிக்கொண்டு வந்ததே, அதற்கு ஒரு மாசம் முந்தி. தேசம் முழுக்கப் பிள்ளையார் பால் குடித்தாரே, அன்றைக்குச் சாயங்காலம். எனக்கு நம்பரில் சொல்ல வராது. 1995 என்று மருமகள் லலிதா போடுகிறாள். நீ இங்கே ஸ்டுடியோ வைத்திருந்தாயே, அன்று என் வீட்டில் எடுத்த படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சுகம் விசாரிக்காமல் விஷயத்தை ஆரம்பித்துவிட்டேன் என்று பேனாவை நிறுத்திவிட்டாள். காட்பாடி வெயில் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? கண் ஆபரேஷன் ஆனதே, எழுத்து தெரிகிறதா? எனக்கு முழங்காலும் காதும் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது. போனில் நீ பேசினால் ஈ பறக்கிற மாதிரிதான் கேட்கிறது. அதனால் நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். உன் பதிலையும் அவள்தான் படித்துக் காட்ட வேண்டும். அதை மனசில் வைத்துக்கொண்டு எழுது.

ஜெகதீசன் கேஸ் பத்து வருஷம் தூங்கி எழுந்திருக்கிறது. போபோடி பம்பு கம்பெனியில் ஸ்ட்ரைக் நடந்ததே. பால் குடித்த அன்று சாயங்காலம் ஏழரை மணிக்குக் கம்பெனி கேட்டில் நாலு பேர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு சூப்பர்வைசரை அடித்தார்கள். அதில் என் பிள்ளை ஜெகதீசனும் ஒருவன் என்று வேலையை விட்டு எடுத்தார்கள். அவன் சாயங்காலம் முழுக்க வீட்டுப் பூஜையில் இருந்தேன், எங்கேயும் போகவில்லை என்று கம்பெனி விசாரணையில் சொன்னான். உன் படத்தையும் காட்டினான். படத்தில் சுவர்க் கடிகாரம் ஏழு பத்து. விசாரணை ஆபீசர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "அரே, இது ஃபோட்டோவா பூதமா? ரெண்டு நெகட்டிவை ஒட்டிக் கொண்டுவந்திருக்கீங்க" என்று மேஜையில் போட்டான். அத்தோடு போயிற்று.

இப்போது லேபர் கோர்ட்டில் விசாரணைக்கு வருகிறது. ஜெயித்தால் வேலை திரும்பும், அடிதடிக்காரன் என்ற பேரும் போகும். நாற்பது வயசில் பாணேரில் ஒரு பெரிய பில்டிங்கில் செக்யூரிட்டி உடுப்பு போட்டுக்கொண்டு நிற்கிறான். தன் வயசில் பாதி வயசுப் பையன்களுக்கு சலாம் வைக்கிறான்.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். என் சம்சாரம் சின்னம்மா கரண்டியைப் பிள்ளையார் தும்பிக்கையில் வைத்திருக்கிறாள். பக்கத்தில் நான். அடுத்த வீட்டு விஸ்வேஸ்வரன், அவர் சம்சாரம் பாலாம்பாள். நாலு பேரும் செதுக்கி வைத்த மாதிரி இருக்கிறோம். வாசற்படியில் ஜெகதீசன் மட்டும் கண்ணாடியில் செய்த ஆள். அவன் நெஞ்சு வழியாகத் தெரு ட்யூப்லைட் தெரிகிறது. ஆட்டோமேட்டிக் பிளாஷ், எல்லாம் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று அன்று சொன்னாயே. தானாகப் பார்த்துக்கொள்கிற சாமான் ஒருத்தனை மட்டும் எப்படிப் பாதியில் விட்டது?

உன் வீட்டில் எல்லாருக்கும் என் விசாரிப்பு.

சொன்னது துரைசாமி, எழுதியது லலிதா. கீழே இருப்பது என் பெருவிரல்.


காட்பாடி
3.7.2005

துரைசாமி அண்ணனுக்கு லூர்துசாமி கை கூப்பி எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. கண் நன்றாகவே தெரிகிறது. உங்கள் முழங்காலுக்கு இங்கே ஒரு எண்ணெய் கிடைக்கிறது, அடுத்த முறை அனுப்புகிறேன்.

அண்ணே, அது ஒட்டின படம் இல்லை. ஒரே நெகட்டிவ். இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. தானாக வேலை செய்வது பிளாஷ் மட்டும்தான், கேமரா இல்லை. பிளாஷுக்கு நெற்றியில் ஒரு கண் உண்டு. ஆள் மேல் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை அது அளந்து, போதும் என்றதும் தானே அணைந்துவிடும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. கேமராவின் துவாரம் எவ்வளவு திறக்கணும், எத்தனை நேரம் திறந்திருக்கணும் என்பதை நான் கையால் வைக்க வேண்டும். துவாரத்தைப் பிளாஷில் போட்டிருக்கிற கணக்குப்படியே வைத்தேன். நேரம் மட்டும் என் இஷ்டம்.

ஜெகதீசன் ஏன் அப்படித் தெரிகிறான் என்பதைக் கடிதத்தில் விளக்கினால் குழப்பம்தான் வரும். நான் சொல்வதைக் கேளுங்கள். இந்தப் படத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். வேறு சாட்சி தேடுங்கள்.

எல்லாரையும் மாதா காப்பாற்றட்டும்.

தம்பி லூர்துசாமி


கிர்க்கி
7.8.2005

தம்பி லூர்துசாமிக்கு,

இங்கே மழை விடவில்லை. சுவரெல்லாம் ஓதம். மற்றபடி உடம்புக்குக் குறைவில்லை. எண்ணெய் இன்னும் வரவில்லை.

உன் கடிதத்தை லலிதா மூன்று தரம் படித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிளாஷ் தன் இஷ்டப்படி, கேமரா உன் இஷ்டப்படி என்கிறாய். ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவரா? ரெண்டு பேரும் சேர்ந்து என் பிள்ளையை நடுவில் போட்டு நசுக்கினீர்களா? படத்தை விட்டுவிடு என்கிறாய். விட்டால் எங்களிடம் வேறு என்ன இருக்கிறது?

பாலாம்பாளிடம் கேட்டேன். எண்பது வயசிலும் குரல் குறையவில்லை. "அண்ணா, நான் அன்னிக்கே சொன்னேனே. பிள்ளையார் அவனைப் பாதி எடுத்துக்கிட்டார். பால் மட்டுமா குடிச்சார்? சொம்பையே காணோமே!" என்றாள். அது நிஜம்தான் தம்பி. உனக்கு ஞாபகம் இருக்காது. நைவேத்தியத்துக்கு நிரப்பி வாசல் பக்கம் வைத்த பித்தளைச் சொம்பு படம் எடுத்த பிறகு இல்லை. பாலும் இல்லை, பாத்திரமும் இல்லை. தெருவே திரண்டு வந்து பார்த்தது. மறுநாள் காலையில் சொம்பு சமையல்கட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது. சாமி வேலை என்றாள் சின்னம்மா. பாத்திரம் கழுவி வைக்கிற சாமியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆனாலும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

வேறு சாட்சி தேடச் சொல்கிறாய். யார் இருக்கிறார்கள்? சின்னம்மா போய் நாலு வருஷம். விஸ்வேஸ்வரன் போன வருஷம் ஆஷாடி ஏகாதசி அன்று, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பாலாம்பாளைக் கோர்ட்டில் ஏற்றினால் பிள்ளையாரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவாள். என் மகள் அந்தப் படத்துக்கு நாலு வருஷம் முந்தியே செத்துப்போனாள். அது உனக்கே தெரியும்.

நீ ஒன்றை முழுங்குகிறாய். நாற்பது வருஷப் பழக்கம், எனக்குத் தெரியாதா? கக்கிவிடு.

துரைசாமி சொன்னது, லலிதா எழுதியது.


கிர்க்கி
9.8.2005

மரியாதைக்குரிய லூர்துசாமி மாமாவுக்கு வணக்கம்.

நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மாமனார் ரேஷன் கடைக்குப் போயிருக்கிறார். இந்தத் தாளை நானாக எழுதுகிறேன். அவர் கடிதத்தைத் தபாலில் போட என்னிடம் கொடுத்திருக்கிறார், அதோடு வைத்து அனுப்புகிறேன்.

எனக்கு 98இல் கல்யாணம் ஆனது. கேஸ் ஜெயித்து வேலை திரும்பிவிடும் என்று சொல்லித்தான் அரக்கோணத்திலிருந்து பெண் எடுத்தார்கள். அதற்கு முன்னால் இந்த வீட்டில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. மாமனாருக்கு ஒரு மகள் இருந்து இறந்துபோனார் என்று மட்டும் தெரியும். போட்டோகூட இல்லை.

இவர் வாரத்தில் ஒரு நாள் டியூட்டி முடிந்து நேராக வீட்டுக்கு வருவதில்லை. சாங்வியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு சந்துக்குள் போவதைப் பாலாம்பாள் மாமியின் மருமகள் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். கையில் காய்கறிப் பை. கேட்டால், "பில்டிங் வேலை" என்கிறார். எந்த பில்டிங்கில் வெண்டைக்காய் கேட்கிறார்கள்?

அந்தப் படத்தைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். எல்லாரும் சாமியைப் பார்க்கிறார்கள். இவர் கண் மட்டும் வெளியே இருக்கிறது. நீங்கள் கேமராவுக்குப் பின்னால் நின்றவர். மாமா, அவர் எங்கே போய்க்கொண்டிருக்கிறார்?

தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

லலிதா


காட்பாடி
2.10.2005

துரைசாமி அண்ணனுக்கு,

பதில் எழுத இரண்டு மாசம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான். எண்ணெய்ப் புட்டியை ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.

கக்கிவிடு என்றீர்கள். சொல்கிறேன்.

அன்று நீங்கள் கேட்டது என்ன? "சாமி குடிக்கிறதும் தெரியணும், குத்துவிளக்கு எரியறதும் தெரியணும்" என்றீர்கள். பிளாஷ் மட்டும் போட்டால் வெறும் வெள்ளை அடித்து விளக்குச் சுடர் செத்துவிடும். அதனால் மேல் பல்பை அணைக்கச் சொன்னேன். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஒரு முழு செகண்டு திறந்திருக்கும்படி கையால் வைத்தேன். பிளாஷ் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டி அணைந்துவிடும். அந்த வெட்டில் உங்கள் ஐந்து பேர் உருவமும் பதிந்தது. மிச்ச நேரமும் கேமரா வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தது. அப்போது விளக்குச் சுடர் பதிந்தது, வாசலுக்கு வெளியே ட்யூப்லைட் பதிந்தது.

நம் ஜனங்களுக்குப் பிளாஷ் அடித்தால் படம் முடிந்தது. கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள், வெளிச்சம் வந்ததும் மாப்பிள்ளை வேர்வையைத் துடைப்பார். நான் சொல்கிறவரை அசையாதீர்கள் என்று கத்தினேன். நீங்கள் நாலு பேரும் சாமியையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஜெகதீசன் நிற்கவில்லை. வெளிச்சம் அடித்த உடனே வாசற்படியை விட்டுப் போய்விட்டான். அவன் நின்ற இடம் காலியானதும், அவன் பின்னால் இருந்த விளக்கு அவன் உருவத்தின் மேலேயே பதிந்தது. பூதமும் இல்லை, ஒட்டும் இல்லை.

அதாவது ஏழு பத்துக்கு அவன் அங்கே இருந்தான் என்பதற்கு அந்தப் படம் சாட்சி. ஏழு பத்துக்கு அவன் வெளியே ஓடினான் என்பதற்கும் அதே படம்தான் சாட்சி. அதனால்தான் வேண்டாம் என்றேன்.

லூர்துசாமி

(லலிதா, இந்த அடுத்த பக்கத்தைப் படித்துக் காட்டாதே அம்மா. நீ நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. என் பேரப்பிள்ளைகள் மேல் ஆணை. அவன் போன இடம் தப்பான இடம் இல்லை. அதற்கு மேல் சொல்ல என் வாயைக் கட்டியிருக்கிறார்கள். அவனையே கேள். சாந்தமாகக் கேள்.)


கிர்க்கி
13.11.2005

தம்பி லூர்துசாமிக்கு,

எண்ணெய் வந்தது. வாடை குமட்டுகிறது, ஆனால் வலி குறைந்திருக்கிறது. தீபாவளி பேருக்கு நடந்தது. நீங்கள் எல்லாரும் சுகம்தானே?

நீ எழுதினதை நம்ப முடியாமல் சோதித்துப் பார்த்தோம். ஜெகதீசன் வேலை பார்க்கிற பில்டிங்கில் ஹரீஷ் என்று ஒரு மெட்ராஸ் பையன், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், நல்லவன். புதுசாகப் பெரிய கேமரா வாங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தான். உன் கடிதத்தை லலிதா படிக்கப் படிக்க அவன் கேமராவில் சக்கரத்தைத் திருப்பினான். "அங்கிள், பிளாஷ் ஆட்டோல இருக்கட்டும், ஷட்டர் மட்டும் மேனுவல்ல ஒன் செகண்ட். நீங்க வாசல்ல நில்லுங்க, லைட் அடிச்சதும் ஓடுங்க" என்றான்.

"எங்கப்பா ஓடறது? எண்ணெய் போட்டே பத்து நாள்தான் ஆச்சு" என்றேன்.

வெளிச்சம் அடித்தது. நான் ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் முடிந்துவிட்டது. படத்தை அந்தக் கேமராவின் முதுகிலேயே காட்டுகிறான். எனக்கு ரெண்டு தலை! பாலாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் லலிதா நின்றாள். வெளிச்சம் அடித்ததும் ஒரே தாவு. படத்தில் அவள் நெஞ்சு வழியாக ட்யூப்லைட் எரிகிறது. அச்சு அதே படம். "காயப்! ஆளே காணோம்!" என்று ஹரீஷ் கை தட்டினான். லலிதா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஜெகதீசன் பக்கம் திரும்பி, "இவ்ளோ வேகமா போகணும்னா, வெளியில யாரோ நிக்கணும். யார் நின்னாங்க?" என்று கேட்டாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதச் சொல்லி நான்தான் பிடிவாதம் பிடிக்கிறேன்.

அவன் ஹரீஷுக்கு டீ வாங்கப் போகிறேன் என்று எழுந்துவிட்டான். டீ ஏற்கெனவே மேஜை மேல் இருந்தது.

வக்கீல் கல்யாணசுந்தரம் வீட்டுக்குப் போனோம். கடிதத்தையும் ரெண்டு படத்தையும் பார்த்தார். "விளக்கம் பிரமாதம். ஆனா இது நம்மையே அடிக்கும். வீட்டை விட்டுப் போகவே இல்லைன்னு இவர் எழுதிக் கொடுத்திருக்கார். உங்க வீட்டிலேர்ந்து போபோடி கேட்டுக்கு சைக்கிள்ல பத்து நிமிஷம். ஏழு பத்துக்கு ஓடினவர் ஏழரைக்கு அங்கே நின்னு அடிச்சிருக்கலாமேன்னு கேப்பாங்க. ஓடினீங்களா, இல்லையா? ஓடினா எங்கே? அங்கே உங்களைப் பார்த்தது யார்? முன்னாடி பொய் சொன்னது ஏன்? இந்த நாலுக்கும் பதில் இருந்தா நான் ஜெயிச்சுத் தரேன்" என்றார்.

 என் பிள்ளை என்னைப் பார்த்தான். "கேஸ் வேணாம்ப்பா. விட்டுடலாம்" என்றான்.

பத்து வருஷம் காத்திருந்தவன், வாசல் திறக்கிற நேரத்தில் வேண்டாம் என்கிறான்.  படம் புரிந்தது, பிள்ளை புரியவில்லை. நீ வாசலைப் பார்த்து நின்றவன். சொல்.

துரைசாமி சொன்னபடி, லலிதா


காட்பாடி
18.12.2005

அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. பேரப்பிள்ளைகள் குடில் கட்டுகிறார்கள். உங்கள் உடம்பு தேவலையா?

நாலு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். ஜெகதீசனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன் என்று. அவன் உங்களுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான், ஒரு வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று. நீங்கள் உங்களுக்கே ஒரு சத்தியம் செய்துகொண்டிருக்கிறீர்கள். இந்த மூன்றில் முதலில் உடைய வேண்டியது என்னுடையது என்று வைத்துக்கொள்கிறேன். நான்தான் வயசில் நடுவில் இருப்பவன்.

அன்று சந்தில், ட்யூப்லைட்டுக்குப் பக்கத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என் அக்காள் மகன் ஜோஷுவா நின்றான். உள்ளே வரவில்லை. வர முடியாது என்று அவனுக்குத் தெரியும். கையால் குழந்தை மாதிரி காட்டினான், வாயில் விரலை வைத்துக் காட்டினான். ஜெகதீசன் பார்த்தான். வெளிச்சம் அடிக்கிற வரை காத்திருந்தான். எல்லாருக்கும் கண் கூசுகிற அந்த நேரம்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. போகும்போது சொம்பும் போயிற்று.

ஜோஷுவாவைக் கட்டிக்கொண்டு போனவள் பேரை எழுத எனக்கு உரிமை இல்லை. உங்கள் வீட்டில் அவள் செத்தவள். பெண் எடுக்கப் போன இடத்திலும் அப்படியே சொன்னீர்கள். என் அக்காள் மகன் என்பதற்காக என்னையும் தள்ளிவைப்பீர்களோ என்று பயந்து நானும் தலையாட்டினேன். தப்புதான் அண்ணே.

லலிதா, இதை முழுசாகப் படித்துக் காட்டு. நிறுத்தாதே.

லூர்துசாமி


கிர்க்கி
10.1.2006

லூர்துசாமி மாமாவுக்கு வணக்கம். பொங்கல் வாழ்த்து.

நிறுத்தாமல் படித்தேன்.  படித்து முடித்ததும் மாமனார் கடிதத்தை வாங்கி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பதினைந்து நாளாகிறது. "மோர் ஊத்து", "கதவைச் சாத்து" இவ்வளவுதான் பேச்சு.

இவரிடம் சாந்தமாகக் கேட்டேன். அழுதுவிட்டார். எட்டு வருஷமாக நாத்தனாரைச் செத்தவர் என்று நினைத்துத் திவசத்தில் ஒரு உருண்டை கூடுதலாக வைத்திருக்கிறேன் மாமா. அவர் நாலு கிலோமீட்டரில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார். இவர் மேல் கோபமா, சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

போன வியாழக்கிழமை பாலாம்பாள் மாமி இறந்துவிட்டார். விசாரணை பிப்ரவரி இருபது. சாட்சிகள் பேர் இந்த மாசத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று வக்கீல் ஆள் அனுப்பினார். அப்பா சொல்லாமல் நான் யாரையும் கூப்பிட மாட்டேன் என்கிறார் இவர்.

லலிதா


கிர்க்கி
24.1.2006

தம்பி லூர்துசாமிக்கு,

நீயும் வீட்டாரும் நல்லபடியாக இருக்கணும். நான் இருக்கிறேன். லலிதாவை இன்று காலையில் கூப்பிட்டு, தாளை எடு என்றேன்.

நீ எழுதினது எதுவும் எனக்குப் புதுசு இல்லை. தெரிந்துகொண்டேதான் உன்னைக் கேட்டேன், என் வாயால் வராதது உன் கையால் வரட்டும் என்று. அதைத்தான் இந்த ஒரு மாசமாக எப்படிச் சொல்வது என்று உருட்டிக்கொண்டிருந்தேன். உன் கேமராவுக்குத்தான் ஒரு செகண்டு. எனக்கு அந்தச் சாயங்காலம் முழுசும் இருக்கிறது.

பிளாஷ் அடித்தபோது நான் சாமியைப் பார்க்கவில்லை. படத்தில் பார், என் தலை சாமி பக்கம் இருக்கும். கண் சொம்பு மேல் இருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் சந்தில் சைக்கிள் மணி அடித்தது. ஒரு தரம் அடித்து, கையால் பொத்தி நிறுத்தினார்கள். ஜோஷுவா உன் ஸ்டுடியோவுக்கு வந்துபோன காலத்திலிருந்து அப்படித்தான் அடிப்பான். அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அன்றைக்கு ஊரில் பால் இல்லை. பதினோரு மணிக்கே டெய்ரிக்காரன் ஷட்டரை இறக்கிவிட்டான். அவ்வளவையும் கல்லுக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சமையல்கட்டில் சின்னம்மா தணிந்த குரலில், "குழந்தை குடிச்சுதா?" என்று கேட்டாள். "வயிறு முட்டக் குடிச்சான், சிரிச்சான்" என்று ஜெகதீசன் சொன்னான். எனக்கு ஒரு பேரன் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, சொம்பு திரும்பி வந்துவிட்டது, சாமி வேலை என்று தெருவில் எல்லாரிடமும் நானே சொன்னேன்.

விசாரணையில் அவன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். "பூஜைக்கு அப்புறம் எங்கே போனாய்?" என்று ஆபீசர் கேட்டான். என் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையை அசைத்திருந்தால் போதும். நான் சுவரில் தொங்கின காலண்டரைப் பார்த்தேன். காலண்டரில் ஒரு மாடு படம். அவன், "எங்கேயும் போகல சாப்" என்றான். அவன் பொய் சொன்னான் என்று வக்கீல் சொல்கிறார். சொன்ன வாய் அவனுடையது.

ஜோஷுவாவை நிக்டி ரோட்டில் லாரி அடித்தது. ஆறு வருஷம் ஆகிறது. ஜெகதீசன் அன்று மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தான். ஜலதோஷமா என்று கேட்டேன். ஆமாம் என்றான். சுக்குக் கஷாயம் போடச் சொன்னேன். என் மாப்பிள்ளை செத்ததற்கு நான் செய்தது அவ்வளவுதான்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் ஜெகதீசனைக் கேட்டேன். "ஏழரைக்கு நீ சாங்வியில இருந்தியா?"

"ஏழு முப்பத்தஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தோம்ப்பா. ரெண்டு பேரும் ஒரே சைக்கிள். சொம்பு என் மடியில. அதான் மெதுவா போனோம்."

"பால் சிந்துச்சா?"

"ஒரு சொட்டு சிந்தலப்பா."

"யார் பார்த்தா?"

வீட்டுக்காரக் கிழவி இறந்துவிட்டாளாம். எதிர்வீட்டு மராட்டிக்காரர்கள் காலி பண்ணிக்கொண்டு எங்கோ போய்விட்டார்களாம். அவன் அதோடு நிறுத்திக்கொண்டான். என் எதிரில் அதற்கு மேல் சொல்லிப் பழக்கம் இல்லை.

நீ நெகட்டிவை எடுத்துக்கொண்டு பிப்ரவரி பதினெட்டாம் தேதி வந்து சேர். நம் வீட்டில்தான் தங்க வேண்டும். கையால் வைத்தது எது, தானாக நடந்தது எது என்று நீ கோர்ட்டில் சொல். மணியையும் சொம்பையும் காலண்டரையும் நான் சொல்கிறேன். அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்ல ஆள் வேணும். வக்கீலுக்குக் கொடுக்க ஒரு சீட்டில் பேர் எழுதச் சொல்லியிருக்கிறேன். லலிதா பேனாவை வைத்துக்கொண்டு என் வாயைப் பார்க்கிறாள். அவளுக்குப் பேர் தெரியும். இருந்தாலும் நான் சொல்லித்தான் எழுதுவாளாம்.

சின்னம்மா இல்லை. விஸ்வேஸ்வரன் இல்லை. பாலாம்பாளுக்கு நானே வாய்க்கரிசி போட்டேன். ஜோஷுவா இல்லை. அந்தக் கிழவி இல்லை. அன்று என் பிள்ளை மடியிலிருந்து சொம்பை வாங்கின கை ஒன்று சாங்வியில் உயிரோடு இருக்கிறது. எழுதம்மா. பார்வதி. துரைசாமி மகள் பார்வதி.